செட்டிநாட்டு வீட்டுக்கு வரி கூடிவிட்டதா? முறையீடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாணத்துக்கோ முன்னோருக்கான படைப்புக்கோ ஊருக்கு வந்து வீட்டைத் திறக்கும்போதுதான் பலர் அந்தத் தாளைப் பார்க்கிறார்கள். கதவிடுக்கில் செருகிக் கிடக்கும் வரி அறிவிப்பு. தொகையைப் பார்த்துவிட்டு உடனே தொலைபேசியை எடுக்கிறார்கள். எங்கள் சொந்த வீட்டு அளவைத் திருத்த நான் அலைந்தது உறவுக்குள் தெரியும் என்பதால் பல அழைப்புகள் எனக்கு வருகின்றன. நான் வழக்கறிஞர் இல்லை. ஆனால் இந்தக் கேள்விகளோடு பல வீடுகளின் வளவில் (முற்றத்தைச் சுற்றிய உள்பகுதியில்) உட்கார்ந்து மனு எழுதியிருக்கிறேன். திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவை இவை.

வரி திடீரென்று இவ்வளவு ஏறியது ஏன்?

பெரும்பாலான வீடுகளுக்கு முதல் காரணம் 2022 ஏப்ரலில் வந்த அரசாணை. சென்னை தவிர்த்த மாநகராட்சிகள், நகராட்சிகள், பேரூராட்சிகளில் குடியிருப்புகளின் வரி பரப்பளவைப் பொறுத்து உயர்ந்தது. 600 சதுர அடிக்குள் 25 சதவீதம், 1200 வரை 50, 1800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம். முன்னால் முகப்பு, அடுத்து வளவு, அதன் பின்னே இரண்டாங்கட்டு என்று பகுதி பகுதியாக நீளும் நம் வீடுகளில் 1800 சதுர அடிக்குள் அடங்குவது எது? ஆகவே ஏறக்குறைய எல்லாப் பெரிய வீட்டுக்கும் வரி இரட்டிப்பானது. அதன்பின் ஆண்டுதோறும் கொஞ்சம் கூட்டவும் விதியில் இடம் இருக்கிறது.

இரண்டாவது காரணம் ஊரின் தகுதி மாறியது. காரைக்குடி 2024-ல் மாநகராட்சி ஆனது. கோட்டையூரும் கண்டனூரும் பேரூராட்சியாக இருந்து அதற்குள் சேர்ந்தன. எல்லை மாறும்போது பழைய பதிவேடு புதிய அலுவலகத்துக்குப் போகிறது, பரப்பும் பயன்பாடும் மறுபடி எழுதப்படுகின்றன. பிழை நுழைவதும் அப்போதுதான்.

மூன்றாவது, வீட்டை யாராவது புதிதாக அளந்திருப்பார்கள். அல்லது அளக்காமலே எழுதியிருப்பார்கள்.

இதில் எதை எதிர்த்து முறையிடலாம்?

அரசாணையில் உள்ள சதவீதத்தையும், சதுர அடிக்கு உள்ளாட்சி மன்றம் தீர்மானித்த விகிதத்தையும் உங்கள் ஒரு வீட்டுக்காக மாற்ற மாட்டார்கள். “இவ்வளவு வரி அநியாயம்” என்று மட்டும் எழுதிய மனு ஒன்றுகூடப் பலன் தந்து நான் பார்த்ததில்லை.

உங்கள் வீட்டைப் பற்றி அவர்கள் எழுதி வைத்திருக்கும் விவரம் வேறு விஷயம். கட்டிடப் பரப்பு, குடியிருப்பா வணிகமா, கூரை எந்த வகை, கட்டிடத்தின் வயது, தெரு எந்த மண்டலத்தில் வருகிறது, ஒரே வீட்டுக்கு இரண்டு வரிவிதிப்பு எண் இருக்கிறதா? இதில் எது தவறாக இருந்தாலும் திருத்தக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நம் வீடுகளில் தவறு இருப்பது பெரும்பாலும் இங்கேதான்.

பரப்பில் அப்படி என்ன தவறு வரும்?

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். முறையீட்டின் உயிர் இதில் இருக்கிறது.

நம் வீட்டுக்கு முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நான்கு பக்கமும் மதில் தெரியும். அகலத்தை ஒருமுறை பிடித்து, நீளத்தைத் தெருவுக்குத் தெரு பிடித்து, பெருக்கி எழுதிவிடுவது எளிது. வளவின் நடுவே வானம் பார்த்து ஒரு முற்றம் இருப்பதோ, இரண்டாங்கட்டில் இன்னொரு முற்றம் இருப்பதோ, கிணற்றடிக்குப் பின்னால் வெறும் தோட்டம் கிடப்பதோ உள்ளே வந்து பார்த்தால்தானே தெரியும்?

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். அகலம் 60 அடி, தெருவுக்குத் தெரு நீளம் 160 அடி. பெருக்கினால் 9600 சதுர அடி. வளவு முற்றம் 20-க்கு 30, அதாவது 600. இரண்டாங்கட்டு முற்றம் 15-க்கு 20, அது 300. பின்புறம் கூரையில்லாத இடம் 60-க்கு 30, அது 1800. மூன்றையும் கழித்தால் 6900. எழுதியிருந்ததில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் வெறும் ஆகாயம். அதற்கும் சேர்த்து அரையாண்டுதோறும் கட்டிட வரி போய்க்கொண்டிருக்கும்.

எங்கள் வீட்டில் நடந்ததும் இதுவே. பதிவேட்டு நகலை வாங்கிப் பார்த்தபோது மதிலுக்கு மதில் அளவு கட்டிடமாகக் குறிக்கப்பட்டிருந்தது. தம்பி மகனும் நானும் ஒரு காலைப்பொழுது முழுக்க டேப் பிடித்தோம். முகப்பில் ஆரம்பித்து அடுப்படி வரை ஒவ்வொரு கட்டாக அளந்து கட்டம் போட்ட தாளில் வரைந்தோம். மனு கொடுத்த பிறகு வருவாய் ஆய்வாளர் நேரில் வந்தார். முற்றத்தில் நின்று மேலே பார்த்தார். தானே ஒருமுறை அளந்துவிட்டு, எங்கள் கணக்கோடு ஒத்துப்போகிறது என்று எழுதிக்கொண்டு போனார்.

அளக்கும்போது நேர்மையாக அளங்கள். கூரை உள்ள திண்ணை கட்டிடத்தில் சேரும். முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரமும் சேரும். சுவரின் கனமும் சேரும், நம் சுவர்கள் கனமானவை என்பதால் அறைக்குள் மட்டும் அளந்து கூட்டினால் கணக்கு குறைவாக வரும். ஆய்வாளர் முன்னால் ஒரு இடத்தில் நம் அளவு பொய்த்தால் மற்ற இடங்களிலும் நம்ப மாட்டார். முற்றத்துக்கு மேல் பிற்காலத்தில் தகரமோ கண்ணாடியோ போட்டு மூடியிருந்தால் அதைத் திறந்த இடம் என்று வாதாடவும் வேண்டாம்.

பின்வாசல் தெருவிலும் தனியாக ஒரு வரி வருகிறதே?

இரண்டு தெருவிலும் கதவு இருப்பதால் இரண்டு கதவிலக்கம் கொடுத்து, இரண்டு வரிவிதிப்பு எண்ணும் போட்டிருப்பார்கள். முன்புற எண்ணில் முழு வீடும் எழுதப்பட்டு, பின்புற எண்ணில் மூன்றாங்கட்டு மறுபடியும் எழுதப்பட்டிருந்தால் அது இரட்டை வரிவிதிப்பு. இரண்டு எண்களின் ரசீதுகளையும் ஒரே வரைபடத்தையும் வைத்து, ஒன்றை ரத்து செய்யக் கேளுங்கள். பின்கட்டு பாகப் பிரிவினையில் உண்மையிலேயே வேறொருவருக்குப் போயிருந்தால் இது பொருந்தாது. அப்போது முன்புற எண்ணில் அந்தப் பரப்பைக் குறைக்கச் சொல்ல வேண்டும்.

இரண்டாங்கட்டு இடிந்து கிடக்கிறது. அதற்கும் வரியா?

ஓடு சரிந்து, மச்சு விழுந்து, ஆள் புழங்க முடியாமல் போன பகுதியை நீங்கள் சொல்லாதவரை பதிவேட்டில் அது நல்ல கட்டிடமாகவே நிற்கும். இடிந்ததைத் தெரிவிப்பது உரிமையாளரின் பொறுப்பு. தேதியோடு படம் எடுத்து, எந்தக் கட்டு எத்தனை சதுர அடி என்று குறித்து, அந்தப் பரப்பை நீக்கும்படி மனு கொடுங்கள். தெரிவித்த அரையாண்டிலிருந்துதான் குறையும் என்று எதிர்பாருங்கள். பல வருஷத்துக்கு முன்னால் விழுந்ததற்குப் பின்தேதியிட்டு வரி திரும்புவது அரிது. இதை எழுதும்போதே மனம் கனக்கிறது. அந்தப் பகுதியை எடுத்துக் கட்டப் பணம் இல்லாதவர்தான் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்.

தேக்குத் தூண், இத்தாலிப் பளிங்கு எல்லாம் இருப்பதால் வரி கூடுமா?

கூடாது. பர்மாத் தேக்குக்கோ ஆத்தங்குடித் தரைக்கோ தனி வரி இல்லை. பார்ப்பது கூரை காங்கிரீட்டா, ஓடா, கீற்றா என்பது. முகப்பின் தோற்றத்தைப் பார்த்து முழு வீட்டையும் காங்கிரீட் தளம் என்று எழுதியிருந்தால், நாட்டு ஓடு வேய்ந்த பகுதிகளைப் படத்தோடு பிரித்துக் காட்டுங்கள்.

வயதும் கணக்கில் வரும். நம் வீடுகளில் பலவும் நூறு ஆண்டை ஒட்டியவை. பழைய தீர்வை ரசீது, கட்டிய காலத்தைச் சொல்லும் பத்திரம், வாசல் நிலைக்கு மேல் சுதையில் பொறித்த வருஷம் எல்லாம் சான்றாக உதவும். பெட்டகத்தில் கிடக்கும் பழைய ரசீதுக் கட்டைச் செல்லரித்தது என்று எறிந்துவிடாதீர்கள்.

வீடு வருஷத்தில் 350 நாள் பூட்டியே இருக்கிறது. சலுகை கிடைக்காதா?

பூட்டியிருப்பதால் வரி தானாக நிற்காது. வாடகைக்கு விடும் கட்டிடம் காலியாகக் கிடந்தால் குறைப்புக் கேட்கும் வழக்கம் உண்டு. ஆனால் காலியான உடனே எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும். நம் சாமான் எல்லாம் உள்ளே இருக்க, நல்லது கெட்டதுக்குத் திறந்து புழங்கும் வீட்டை அலுவலகம் காலி வீடாகப் பார்க்காது. இந்த வாதத்தில் நேரத்தைச் செலவிடுவதைவிட டேப்பை எடுப்பது மேல்.

கல்யாணத்துக்கும் ஷூட்டிங்குக்கும் கொடுக்கிறோம். வணிகக் கட்டிடம் என்று மாற்றிவிட்டார்கள்.

கானாடுகாத்தான் பக்கம் வீட்டை முழு நேர ஹோட்டலாக நடத்துபவர்கள் இருக்கிறார்கள். அது வணிகமே, அதற்கு வணிக விகிதம் போடுவது சரி. எப்போதோ இரண்டு நாள் ஷூட்டிங்குக்கு விட்டதற்காக முழு வீட்டையும் வணிகம் என்று எழுதினால் முறையிடலாம். முகப்பில் இரண்டு அறையைக் கடைக்கு விட்டு, உள்ளே குடும்பம் இருந்தால், கடைப் பரப்பை மட்டும் வணிகமாகப் பிரித்து விதிக்கக் கேளுங்கள். மின் இணைப்பு வீட்டு விகிதத்தில் இருப்பது துணைச் சான்று. ஆனால் இணையத்தில் உங்கள் வீட்டு அறைகளுக்கு நாள் வாடகை விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கும்போது, “நாங்கள் குடியிருக்கிறோம்” என்று மனு எழுதாதீர்கள். அலுவலகத்தில் இருப்பவர்களும் கைபேசி பார்க்கிறார்கள்.

வரி இன்னும் ஐயா பேரில் இருக்கிறது. பங்காளிகள் ஆறு புள்ளி (ஆறு குடும்பம்). யார் மனுக் கொடுப்பது?

ஒரு பங்குதாரர் கொடுத்தாலும் வாங்குவார்கள். இருந்தாலும் ஆறு பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். ஒருவர் மட்டும் கொடுத்தால், பெயரை மாற்றிக்கொள்ளப் பார்க்கிறார் என்று மற்றவர் நினைத்து எதிர் மனு போட, அளவுப் பிழை ஒரு பக்கம் கிடக்கக் குடும்பச் சண்டை பெரிதாகிவிடும். இப்படி ஒரு வீட்டில் மூன்று வருஷம் ஓடியதைக் கண்ணால் பார்த்தேன்.

வரி முறையீடும் பெயர் மாற்றமும் தனித்தனி மனுக்கள். ஒரே தாளில் எழுதினால் இரண்டும் தேங்கும். பெயர் மாற்றத்துக்கு இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பத்திரம் எல்லாம் வேண்டும். பரப்பைத் திருத்த அவ்வளவு தேவையில்லை. வரி ரசீதில் யார் பெயர் இருந்தாலும் அது சொத்துரிமைக்குச் சான்று ஆகாது என்பதையும் பங்காளிகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாதிப் பயம் அதிலேயே போகும்.

பதிவு செய்த பாகப் பிரிவினை இருந்து, அவரவர் பகுதி தனியாக இருந்தால் வரியைப் பிரித்துத் தரக் கேட்கலாம். வளவும் முற்றமும் பொதுவில் இருக்கும் வீட்டில் உள்வீட்டு அறைகளை மட்டும் வைத்துப் பிரிப்பது சிக்கல். பொது இடத்தின் வரியை யார் தலையில் போடுவது என்று முடிவுக்கு வராமல் அந்தப் பேச்சைத் தொடங்காதீர்கள்.

யாரிடம் முறையிடுவது? எத்தனை நாளைக்குள்?

முதல் மனு வரியை விதித்தவருக்கே. மாநகராட்சியிலும் நகராட்சியிலும் ஆணையர், பேரூராட்சியில் செயல் அலுவலர். அவர் முடிவு ஒத்துவராவிட்டால் வரிவிதிப்பு மேல்முறையீட்டுக் குழு இருக்கிறது. மன்ற உறுப்பினர்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்படும் குழு அது. அதற்கும் மேலே நீதிமன்றம். செட்டிநாட்டு ஊர்கள் உள்ள சிவகங்கை, புதுக்கோட்டை இரண்டு மாவட்டங்களுக்கும் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைதான். கீழே உள்ள படிகளைத் தாண்டி நேராக அங்கே போனால் பெரும்பாலும் திரும்பிப் போய் முறையிடச் சொல்வார்கள்.

கெடு உங்களுக்கு வந்த அறிவிப்பிலேயே இருக்கும். அதைப் பெற்ற தேதியை அதன் மூலையில் அன்றே பேனாவால் எழுதி வையுங்கள். கெடு தாண்டிவிட்டால் மனுவே போடக் கூடாது என்றில்லை. தாமதத்துக்குக் காரணம் எழுதி, வரும் அரையாண்டிலிருந்தாவது விவரத்தைத் திருத்தும்படி கேளுங்கள்.

பில் கலெக்டரிடம் வாய்மொழியாகச் சொல்வது முறையீடு ஆகாது. அவர் தலையாட்டுவார், அடுத்த வருஷம் வேறொருவர் வருவார். மனுவை இரண்டு பிரதியாகக் கொண்டுபோய் ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள், அல்லது ஒப்புகையோடு விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள்.

எங்கள் ஊர் கிராம ஊராட்சி. அங்கே?

ஊராட்சிகளின் வீட்டு வரி 1994-ம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தில் வருகிறது. சட்டப்படி ஊராட்சியின் நிர்வாக அதிகாரி தலைவர், தலைவர் இல்லாத காலத்தில் தனி அலுவலர். அவருக்கு முதல் மனு. நடக்காவிட்டால் வட்டார வளர்ச்சி அலுவலரிடம், அதன்பின் மாவட்ட ஆட்சியரிடம் கொண்டுபோகலாம். ஊராட்சிகளின் ஆய்வாளர் ஆட்சியர்தான். திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுத்தால் மனுவுக்கு எண் கிடைக்கும். இங்கே தொகை சிறிது, வேலையும் சுலபம்.

அவர்கள் என்ன அளவு எழுதியிருக்கிறார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் நேரில் கேளுங்கள், பல இடங்களில் காட்டிவிடுவார்கள். மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு பக்க மனு போதும். “வரிவிதிப்பு எண் இன்னதற்கான வரிவிதிப்புப் பதிவேட்டுப் பக்கம், அளவீட்டு விவரம், கணக்கிட்ட தாள் ஆகியவற்றின் நகல்” என்று கேளுங்கள். ‘ஏன் கூட்டினீர்கள்’ என்று கேட்காதீர்கள். ஆவணத்தைக் கேட்டால் ஆவணம் வரும், காரணத்தைக் கேட்டால் பதில் சுற்றிச் சுற்றி வரும். 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம்.

ஆனால் முறையீட்டுக் கெடு இதற்காகக் காத்திருக்காது. உங்கள் சொந்த அளவை வைத்து மனுவைக் கொடுத்துவிட்டு, நகல் வந்ததும் கூடுதல் விவரமாகச் சேருங்கள்.

மனு நிலுவையில் இருக்கும்போது வரியைக் கட்டாமல் நிறுத்தலாமா?

வேண்டாம். தாமதத்துக்கு மாதம் ஒரு சதவீதம் ஏறும். வரி பாக்கி இருந்தால் மேல்முறையீட்டையே எடுக்க மாட்டேன் என்று சொல்லவும் இடம் கொடுத்துவிடுவோம். கட்டுங்கள். மனுவில், “முறையீட்டின் முடிவுக்குக் கட்டுப்பட்டு, ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்” என்று எழுதி, ரசீது எண்ணைக் குறியுங்கள். அரையாண்டு ஏப்ரலிலும் அக்டோபரிலும் தொடங்குகிறது. அந்த முதல் மாதத்திலேயே கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5000 ரூபாய் வரை ஊக்கத்தொகை கழியும்.

கட்டியது போய்விடும் என்று பயப்பட வேண்டாம். 2018-ல் உயர்த்திய வரி 2019 நவம்பரில் நிறுத்திவைக்கப்பட்டபோது, கூடுதலாகக் கட்டியதை அடுத்து வந்த வரியில் சரிக்கட்டினார்கள். ரசீது வைத்திருந்தவர்களுக்கு அது லேசாக முடிந்தது.

நாங்கள் சிங்கப்பூரில் இருக்கிறோம். நேரில் வர முடியாதே?

ஊரில் இருக்கும் ஒருவருக்கு அதிகாரக் கடிதம் கொடுங்கள். வெளிநாட்டிலிருந்து கொடுப்பதை இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று அனுப்பினால் கேள்வி எழாது. முக்கியமானது ஆய்வு நாளில் வீடு திறந்திருப்பது. வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் சாவி மட்டும் இருந்தால் போதாது. வரைபடத்தின் பிரதியும் அவர் கையில் இருக்க வேண்டும், எந்தக் கட்டைத் திறந்து காட்டுவது என்றும் அவருக்குத் தெரிய வேண்டும்.

படைப்பு வீட்டுக்கு வரிவிலக்கு உண்டா?

பொது வழிபாட்டுத் தலங்களுக்குத்தான் விலக்கு. முன்னோருக்குப் படைக்கும் வீடு நமக்குக் கோயிலுக்குச் சமம் என்றாலும், அது ஒரு குடும்பக் கிளைக்கு உரியது, ஊரார் எல்லாரும் வந்து கும்பிடும் இடமில்லை. குடியிருப்பு விகிதத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாரம்பரிய வீடு என்று தள்ளுபடி கேட்கலாமா?

செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014-ல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன. நமக்குப் பெருமை. அதனால் வரி குறையாது. குறைய வேண்டும் என்று நான் மனதார நினைக்கிறேன். ஓடு மாற்றவும் கரையான் அரித்த உத்திரத்தைத் தாங்கவும் ஒரு குடும்பம் செலவழிப்பது அந்தக் குடும்பத்துக்காக மட்டுமில்லை. அதை மன்ற உறுப்பினரிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் சேர்ந்து போய்க் கேட்போம். உங்கள் வீட்டு முறையீட்டு மனுவில் மட்டும் அதைக் கலக்காதீர்கள், முற்றத்தின் 600 சதுர அடி அதில் அமுங்கிப்போகும்.

மனு ஏற்கப்பட்டால் அதோடு வேலை முடிந்ததா?

உத்தரவை எழுத்தில் வாங்குங்கள். புதிய பரப்பு, புதிய வரி, எந்த அரையாண்டிலிருந்து என்ற மூன்றும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். கூடுதலாகக் கட்டிய தொகை பெரும்பாலும் கையில் வராது, வரும் அரையாண்டில் கழித்துக்கொள்வார்கள்.

பிறகு அடுத்த கேட்பு (வரி கேட்டு வரும் சீட்டு) வரும்வரை காத்திருந்து பாருங்கள். எங்கள் வீட்டுக்கு உத்தரவு வந்த பிறகும் அக்டோபரில் பழைய பரப்பிலேயே கேட்பு வந்தது. உத்தரவு கோப்பில் இருந்தது, கணினியில் ஏறவில்லை. நகலை எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். அங்கிருந்த பெண் ஊழியர் எண்ணைத் தட்டிப் பார்த்து, என் எதிரிலேயே திருத்தி, புதிய கேட்பை அச்சிட்டுக் கொடுத்தார். அன்றே அங்கேயே கட்டிவிட்டு வந்தேன்.